பூம்பாறைக் குளிரில் கிளம்ப மறுத்த லாரி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2014 மாடல் ஆறு சக்கர லாரி, புகை மாசுத் தரம் பி.எஸ். 3. நான்கு சிலிண்டர், டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன், இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தித் தரும் பம்ப்). 12 வோல்ட்டுக்கு ஒரே பேட்டரி. குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இந்த இன்ஜினில் கிடையாது. உரிமையாளர் மதுரைக்காரர், வண்டியை ஓட்டுபவர் பல வருடமாக அதே டிரைவர்.

சாயந்தரம் மதுரையில் உர மூட்டையும் மாட்டுத் தீவனமும் ஏற்றிக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறையில் இறக்கும். இரவு அங்கேயே நிற்கும். விடிந்ததும் கேரட், உருளை, பூண்டு ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குத் திரும்பும். வாரத்தில் இரண்டு மூன்று நடை இப்படி.

மார்கழி பிறந்ததும் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. அரை நிமிடம், சில நாள் அதற்கும் மேல் அடித்த பிறகு இருமிக்கொண்டு எழும். பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. மதுரையில் ராத்திரி முழுக்க நின்றாலும் காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும்.

மதுரையில் ஜனவரி விடியற்காலை சுமார் 20 டிகிரி இருக்கும். பூம்பாறை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். அதே நேரத்தில் அங்கே 5 முதல் 8 டிகிரி, சில பள்ளங்களில் உறைபனியே விழும். டீசல் இன்ஜினில் தீ பற்றவைப்பது அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான். உள்ளே போகும் காற்று 15 டிகிரி குளிர்ந்திருந்தால் அமுக்கத்தின் உச்சியில் சூடு 30 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். அந்த உயரத்தில் காற்றழுத்தமும் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆக, மதுரையில் எடுக்கிற வண்டி மேலே முரண்டு பிடித்தால் பழுது மேலே போனதும் வந்தது என்று எண்ணக் கூடாது. கீழேயே இருக்கும் சின்னக் குறைகளை வெயில் மூடி வைத்திருக்கும்.

முதல் பட்டறையில் நடந்தது

வண்டி முதலில் போன பட்டறையில், மதியம், சூடான இன்ஜினில் பார்த்தார்கள். பேட்டரி மூன்று வருடப் பழசு என்று புதுசு போட்டார்கள். நான்கைந்து நடை பரவாயில்லை. அப்புறம் பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டாரைப் பிரித்து கார்பன் பிரஷ், புஷ் மாற்றினார்கள். அதற்கும் அதே பலன். மூன்றாவதாக, டீசல் பம்ப்பைக் கழற்றி கேலிபிரேஷனுக்கு அனுப்பலாம் என்றார்கள். உரிமையாளர் அங்கே நிறுத்திக்கொண்டு மேலூர் ரோட்டுப் பக்கம் இன்னொரு பட்டறைக்கு வந்தார்.

புதுப் பேட்டரி போட்டதும் ஏன் கொஞ்ச நாள் தேவலை ஆனது என்பதற்கு விடை பின்னால்தான் கிடைத்தது. பழைய பேட்டரி 15 விநாடியில் சோர்ந்துவிடும். புதியது 40 விநாடி இழுத்தது. அந்தக் கூடுதல் நேரத்தில் ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிப் பெரிய பம்ப்புக்குக் கொடுக்கும் சின்னப் பம்ப்) டீசலை இழுத்துச் சேர்த்துவிட்டது. குறை அப்படியே இருந்தது. நீளமாக அடித்ததில் செல்ஃப் மோட்டார் சூடேறி பிரஷ் தேய்ந்ததுதான் மிச்சம்.

இடையில் டிரைவர் செய்த இரண்டு காரியங்களையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, காற்று வடிகட்டி வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தது. ஈத்தர் கலந்த அந்த ஸ்பிரே பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங்கும் பிஸ்டன் பள்ளமும் உடையும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் தீ வெளியே திரும்பியே வரலாம். இரண்டாவது, சரிவில் உருட்டி இரண்டாவது கியரில் கிளட்ச் விட்டு எடுத்தது. இது ஏர் பிரேக் வண்டி. ராத்திரியில் ஏர் இறங்கியிருக்கும். மிச்சம் உள்ளது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். மலைச் சரிவில் இன்ஜின் பிடிக்காமல் போனால் பிரேக்கை நம்ப முடியாது. இரண்டாவது பட்டறை முதலில் போட்ட நிபந்தனையே இந்த இரண்டையும் விட வேண்டும் என்பது.

பம்ப்பை ஏன் கழற்றவில்லை

பம்ப் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரும் அதன் உறையும்) தேய்ந்திருந்தால் தொந்தரவு பெரும்பாலும் சூட்டில்தான் தலைகாட்டும். சூடான டீசல் நீர்த்துப்போய்த் தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாக நழுவும். ஓடி நிறுத்திய வண்டி எடுக்காது, ஏற்றத்தில் இழுவை குறையும். இந்த வண்டி சூட்டில் தொட்டவுடன் எடுத்தது, லோடோடு மலையேறியது, மைலேஜும் குறையவில்லை. கழற்றி மாட்டினால் டைமிங் (டீசல் தூவும் நேரம்) வேறு புதிதாகப் பார்க்க வேண்டும். எனவே பம்ப் வேலை கடைசிக்குத் தள்ளப்பட்டது.

அடுத்த முடிவு, அளவுகளைப் பூம்பாறையில், குளிர்ந்த இன்ஜினில் எடுப்பது. அதற்கு முன்பாக டிரைவரிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: தினமும் முதல் செல்ஃப் அடிக்கும்போது போனைச் சைலன்சரைப் பார்த்து வைத்து வீடியோ எடுக்க வேண்டும். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, டேங்கில் டீசல் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும்.

புகை காட்டிய பிரிவினை

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை. புகையே இல்லாவிட்டால் டீசல் போகவே இல்லை. இந்த இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் பேட்டரி வாங்கியதில்தான் முதல் செலவு வீணானது.

வீடியோக்களில் இரண்டு மாதிரியும் இருந்தன. சில காலைகளில் முதல் 20, 25 விநாடிக்குச் சைலன்சரில் ஒன்றுமே இல்லை. பிறகு நூல் போல வெள்ளைப் புகை. இரண்டு மூன்று தவணையாக மொத்தம் 40 விநாடி அளவுக்கு அடித்த பிறகே பிடித்தது. வேறு சில காலைகளில் நான்கைந்து விநாடியிலேயே வெள்ளைப் புகை கிளம்பியது, ஆனாலும் பிடிக்க 15 விநாடிக்கு மேல் ஆனது.

என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு டிரைவர் சொன்ன பதில்தான் வழிகாட்டியது: “அண்ணே, மேட்டப் பாத்து நிறுத்துன அன்னைக்குத்தான் ரொம்ப மக்கர் பண்ணுது. பள்ளத்தப் பாத்து நின்னா கொஞ்சம் பரவால்ல.”

டேங்க் கேபினுக்குப் பின்னால், சாஸியின் பக்கவாட்டில் இருக்கிறது. மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் பம்ப் டேங்கை விட உயரமாகிவிடும். வழியில் எங்காவது காற்று நுழைய இடம் இருந்தால் ராத்திரி முழுக்க டீசல் பின்வாங்கி டேங்குக்கே இறங்கிவிடும். பள்ளத்தைப் பார்த்து நின்றால், அதிலும் டேங்க் நிறைந்திருந்தால், டீசல் மட்டம் பம்ப்பை ஒட்டி நிற்கும். ஆக, டீசல் பின்வாங்குவது ஒரு குறை. டீசல் வந்த பிறகும் பற்றத் தாமதிப்பது தனியாக இன்னொரு குறை. ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டால் “வேலை செய்தும் சரியாகவில்லை” என்றுதான் தோன்றும்.

குளிரில் டீசல் மெழுகாகிறதா என்பதையும் பார்த்தார்கள். குளிர்கால டீசல் வடிகட்டியை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தர வரம்பு அதிகபட்சம் 6 டிகிரி. கோடை டீசலுக்கு 18. பூம்பாறைக் குளிர் 6 டிகிரியைத் தொடுவதால் சந்தேகம் நியாயமானது. டேங்க் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி கேபின் கூரைமேல் வைத்தார்கள். காலையில் கலங்காமல் தெளிவாக இருந்தது. செலவில்லாத சோதனை, அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரை வடித்துப் பார்த்ததில் தண்ணீரும் இல்லை.

டீசல் வழி

பட்டறையிலிருந்து ஒருவர் மல்டிமீட்டர், வெப்பமானி, ஐந்து லிட்டர் கேன், ஒளி ஊடுருவும் டியூபோடு வண்டியில் மேலே போனார். முதல் ராத்திரி வண்டியை வேண்டுமென்றே மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினார்கள்.

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பம்ப்பை விட உயரத்தில் கட்டிய கேனிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு நேராக டீசல் கொடுத்தார்கள். வடிகட்டி மேலுள்ள, காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஃபீட் பம்ப்பில் உள்ள கைப்பம்ப்பான ஹேண்ட் பிரைமரை அடித்து, ஸ்க்ரூவை இறுக்கினார்கள். கேன் சைலன்சர் பக்கம் வராமல், கசிந்தாலும் சூடான இடத்தில் சொட்டாமல் கட்டப்பட்டது.

காலையில் 6 டிகிரி. செல்ஃப் அடித்த மூன்றாவது விநாடியில் வெள்ளைப் புகை. மேட்டைப் பார்த்து நின்றும் டீசல் தாமதிக்கவில்லை. அப்படியானால் காற்று நுழைவது டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில், அல்லது ஃபீட் பம்ப்பிலேயே. ஹேண்ட் பிரைமர் குமிழுக்கு அடியில் ராத்திரிக்குள் ஒரு டீசல் வளையம் ஊறியிருந்தது. தூசி அதில் கறுத்து ஒட்டியிருந்தது. டேங்கிலிருந்து உறிஞ்சும்போது இந்த இடத்தில் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உயரத்திலிருந்து டீசல் இறங்கியதும் அதே ஓட்டை வெளிப்பக்கம் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. உறிஞ்சும் பக்கத்துக் காற்றுக் கசிவைக் கண்ணால் தேடி அலைவதை விட இது சுருக்கு வழி.

பிறகு பழைய குழாயைத் திரும்ப மாட்டி, வாட்டர் செப்பரேட்டருக்கு முன்னும் பின்னும் ஒளி ஊடுருவும் டியூப் போட்டு இன்ஜினை ஐட்லிங்கில் ஓட விட்டார்கள். முன் டியூபில் டீசல் சுத்தம். பின் டியூபில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஓடின. செப்பரேட்டரில் குழாயை மாட்டும், நடுவே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில் பழைய காப்பர் வாஷரையே திருப்பிப் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

மாற்றியவை: ஹேண்ட் பிரைமர் முழுசாக, எல்லா பேன்ஜோ போல்ட்டுக்கும் புதுக் காப்பர் வாஷர், கிளிப் அடியில் வெடித்திருந்த ஓஸ். பிரைமரை அடித்து முடித்ததும் குமிழைத் திருகி இறுக்க வேண்டும் என்பதும் டிரைவருக்குச் சொல்லப்பட்டது. தளர்வாக விட்டால் புது பிரைமரும் காற்று இழுக்கும்.

எர்த்

டீசல் சரியாக வந்தும் பிடிக்க 15 விநாடி. செல்ஃப் சுற்றும் வேகம் காதுக்கே மந்தமாக இருந்தது. டீசலை நிறுத்தும் ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்து, இன்ஜின் பிடிக்காமல், ஐந்து விநாடி மட்டும் அடித்து அளந்தார்கள். கிராங்க் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டு வீடியோ எடுத்ததில் ஐந்து விநாடிக்கு 9 சுற்று, நிமிடத்துக்கு 108. குளிர்ந்த நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு இது விளிம்பு. மெதுவாகச் சுற்றினால் அமுங்கிய காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், ரிங் ஓரம் காற்றும் நழுவும்.

மீட்டர் முனையைப் பேட்டரி டெர்மினல் கிளாம்ப்பில் வைக்காமல் ஈயக் கம்பத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். அடிக்கும்போது பேட்டரியில் 10.1 வோல்ட், செல்ஃப் மோட்டாரில் 8.1. நடுவே 2 வோல்ட் காணோம். பிளஸ் பக்கம் 0.4 குறைந்தது, அது பாதகமில்லை. மைனஸ் கம்பத்துக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையில் 1.6. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. அதையும் பிரித்ததில் பேட்டரியிலிருந்து சாஸிவரை 0.2, சாஸியிலிருந்து இன்ஜின்வரை 1.4.

கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழிதான் எர்த்; அதற்கான பின்னல் பட்டை கியர்பாக்ஸ் மேலிருந்து சாஸிக்கு வருகிறது. முன்பு எப்போதோ கிளட்ச் வேலை செய்தபோது அதைக் கழற்றி, சாஸியில் அடித்த புதுப் பெயின்ட் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். பட்டையும் பச்சை பூத்திருந்தது. ஆக்சிலேட்டர் கேபிளின் உறை ஓரிடத்தில் உருகியிருந்ததற்கும் இதுவே காரணம்: சரியான வழி கிடைக்காத கரண்ட் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. கேபிள் அடிக்கடி இறுகும் வண்டிகளில் கேபிளை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பார்க்கலாம்.

உறுதி செய்ய, பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நேராக ஒரு ஜம்பர் கேபிள் போட்டார்கள். எர்த் பக்கக் குறைவு 0.3 ஆக இறங்கியது. மோட்டாருக்கு 9 வோல்ட் கிடைத்தது. ஐந்து விநாடிக்கு 11 சுற்று. பேட்டரி வோல்டேஜ் மட்டும் 9.8 ஆகக் குறைந்தது. மோட்டார் இப்போது வேண்டிய கரண்டை இழுப்பதால் அப்படி. இதைப் பார்த்துப் பேட்டரி கெட்டது என்று நினைக்க வேண்டாம். கீழே வந்ததும் சாஸியை உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினார்கள்.

ஆயில்

பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தது. கம்பெனிப் புத்தகத்தில் 15டபிள்யூ-40. சமவெளியில் வித்தியாசம் தெரியாது. 6 டிகிரியில் தெரியும். 15டபிள்யூ-40 மாற்றியதும் 11 சுற்று 13 ஆனது. சூடான ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் குறையவில்லை என்று பார்த்த பிறகே இதை இறுதி செய்தார்கள்.

மூன்றாவது சிலிண்டர்

இதற்குள் வண்டி ஐந்து விநாடியில் பிடித்தது. ஆனால் பிடித்த பிறகு ஒரு நிமிடம் உதறியது, வெள்ளைப் புகை விட்டது. உரிமையாளர் இது போதும் என்றார். பட்டறை சம்மதிக்கவில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும்; ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் அப்படி ஓடினால் ரிங் தேயும்.

குளிர்ந்த ஐட்லிங்கில், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாஸில்களின் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு தளர்த்தினார்கள். ஒன்று, இரண்டு, நான்கைத் தளர்த்தியபோது இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை. இந்தச் சோதனை இன்லைன், ரோட்டரி பம்ப் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஓடும்போது குழாயைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நான்கு நாஸிலும் பம்ப் கடைக்குப் போயின. இந்த இன்ஜினுக்கு 240 பாரில் திறக்க வேண்டும். மூன்றாவது 205இலேயே திறந்தது, தூவாமல் சொட்டியது. மற்ற மூன்றும் 225க்கும் 235க்கும் இடையில், தூவல் சீராக. மூன்றாவதற்கு மட்டும் புது முனை போட்டு, மற்றவற்றைச் சுத்தம் செய்து ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நான்கையும் மாற்றியிருக்கலாம்தான், தூவல் நன்றாக இருக்கும்போது அதற்குக் காரணம் இல்லை.

நாஸில் வெளியே இருந்த வேளையில் கம்ப்ரஷனும் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தாகிவிட்டது: 27, 26, 25, 27 பார். திருப்தி. இது மதுரையில் எடுத்த அளவு. மலை மேல் எடுத்தால் காற்று மெலிந்திருப்பதால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். மாட்டும்போது ஹெட்டின் குழியில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய காப்பர் வாஷர் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதன் மேலேயே புதியதைப் போட்டிருந்தால் நாஸில் நுனி உயர்ந்து தூவல் தவறான இடத்தில் விழுந்திருக்கும்.

விளைவு

தை கடைசியில் 7, 8 டிகிரிக் காலைகளில் மூன்று விநாடியில் பிடித்தது. மேட்டைப் பார்த்து நிறுத்தினாலும் அதே மூன்று. வெள்ளைப் புகை பத்து விநாடிக்குள் அடங்கியது. முதல் பட்டறையில் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் ஆன செலவில் பாதிகூட இந்த வேலைகளுக்கு ஆகவில்லை. அதிலும் பெரும்பங்கு நாஸில் வேலைக்குத்தான்.

இனி மாற வேண்டியவை

முதல் நாளே டிரைவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்: செல்ஃப் அடிக்கும்போது புகை வருகிறதா, எத்தனையாவது விநாடியில், வண்டி எந்தச் சாய்வில் நின்றது. இரண்டாவது பட்டறை இப்போது இவற்றை வேலைச் சீட்டிலேயே எழுதிக்கொள்கிறது. பேட்டரியோ செல்ஃபோ மாற்றுவதற்கு முன், இரண்டு பக்க வோல்டேஜ் குறைவையும் அடிக்கும்போது அளப்பது கட்டாயம். ஐந்து நிமிட வேலை. கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் இறக்கிய வண்டியில் எர்த் பட்டையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

டிரைவருக்குச் சொன்னது: இந்த வகை கவர்னரில் (பம்ப் தரும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி அடித்தால்தான் ஸ்டார்ட்டிங்குக்கான கூடுதல் டீசல் வரும், மிதித்து மிதித்து விடுவதில் பயனில்லை. பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும், குளிர்ந்த இன்ஜினை உறுமவிடக் கூடாது. ஒரு தவணைக்கு 15 விநாடி, நடுவே ஒரு நிமிட ஓய்வு. மலையில் டேங்கைப் பாதிக்குக் கீழே விடாமல் நிறுத்துவது நல்லது.

காமன் ரெயில் வண்டிக்கு இதே வரிசை பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு: ரெயில் அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டாதவரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. சின்னக் காற்றுக் கசிவும், மந்தமான செல்ஃபும் புகையே இல்லாத நிலையாகத்தான் தெரியும். அங்கே ஸ்கேனரில் அடிக்கும்போதுள்ள ரெயில் அழுத்தத்தையும் சுற்று வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உறைபனி விழும் காலைகளில் இந்த லாரி இன்னமும் ஆறேழு விநாடி எடுத்துக்கொள்கிறது. உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் பொருத்தலாமா என்று உரிமையாளர் கேட்டார். வருடத்தில் சில வாரங்களுக்காக, ஒரே பேட்டரி உள்ள வண்டியில் அந்தச் சுமையைக் கூட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.